டிஷ்ஷோ கேபிளோ: வானத்தைப் பாத்தது காணும், ஒழுங்கையைப் பாப்பம்

புதுவீடு குடிபூருகிற எந்த வீட்டிலும் பால் காய்ச்சி முடிஞ்ச கையோட வருகிற கேள்வி இது: "டிஷ் போடுவமோ, கேபிள் எடுப்பமோ?" பெரியப்பா ஒன்று சொல்லுவார். வயரிங் செய்த பெடியன் இன்னொன்று சொல்லுவான். பக்கத்து வீட்டு அன்ரி "எங்கட கேபிள் மூண்டு நாளாப் புள்ளி புள்ளியா அடிக்குது, எடுத்துப்போடாதேங்கோ" என்று பயமுறுத்துவா. கடைசியில் மாதம் எவ்வளவு, சன் ரிவி வருமோ, கிரிக்கெட் வருமோ என்ற மூன்று கேள்வியோட விஷயம் முடிஞ்சுபோகும்.

அந்த மூன்று கேள்வியிலும் எங்களுக்கு ஒரு பிழையும் தெரியேல்லை. காசு கட்டுகிறவை கேக்கத்தானே வேணும். ஆனால் நாலாவது கேள்வி ஒன்று இருக்கு, அதை ஒருத்தரும் கேக்கிறதில்லை: இந்தப் பெட்டிக்குள்ள எங்கட ஊர் வருமோ?

இந்தக் கட்டுரையில் நாங்கள் கேபிளின்ர பக்கம் நிக்கப்போறம். கேபிள்காரரின்ர பக்கம் நிக்கிறதாக யாரும் விளங்கிக்கொள்ள வேண்டாம். அவைக்கும் கீழே நிறைய இருக்கு.

கூரையைப் பாத்தால் காசு போற திசை தெரியும்

ஒரு ஒழுங்கைக்குள்ளால சைக்கிளில் போகேக்க கூரைகளைக் கவனிச்சுப் பாருங்கோ. டிஷ் எல்லாம் ஒரே பக்கம் பாக்காது. மேற்கே, கொஞ்சம் தெற்குக்குச் சரிஞ்சு, பாதி வானத்தைப் பாத்து நிக்கிற டிஷ் கிழக்கு நெடுங்கோடு 45 பாகையில் இருக்கிற செய்மதியைப் பாக்குது. அது டயலொக் ரிவி. தென்கிழக்கே, கிட்டத்தட்ட உச்சி வானத்தைப் பாத்து மல்லாந்து கிடக்கிற டிஷ் 93.5 பாகையைப் பாக்குது. சன் டைரக்டும் இந்திய அரசாங்கத்தின்ர டிடி ஃப்ரீ டிஷ்ஷும் அந்த இடத்திலதான் இருக்கு. மேற்குப் பக்க வளவில் தென்னை வளந்தால் முதலாவதுக்குக் கரைச்சல். இரண்டாவதுக்குப் பெரும்பாலும் கரைச்சல் இல்லை, அது மரத்துக்கு மேலால பாக்கும்.

இந்தத் திசை காசின்ர திசையும்தான். மேற்கே பாக்கிற டிஷ்ஷின்ர சந்தா கொழும்புக்குப் போகுது. ரெலிகொம் வயரால வாற பியோ ரிவியின்ர சந்தாவும் அங்கதான். தென்கிழக்கே பாக்கிற டிஷ்ஷின்ர காசு, இந்திய முகவரி ஒன்றில் பதிஞ்ச பெட்டிக்கு, இங்க கடை வைச்சிருக்கிற ஒருவர் மூலமா றீசார்ஜாப் போகுது. டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் காசே இல்லை. ஆனால் அதில் வாறது பெரும்பாலும் ஹிந்தி. தமிழுக்கு, பொதிகையாக இருந்து 2024 இல் டிடி தமிழ் என்று பேர் மாறின சனலை நம்பி இருக்கவேணும்.

இந்திய றீசார்ஜின்ர உண்மை முகத்தை 2022 காட்டிச்சுது. 2021 இல் ஒரு இந்திய ரூபா எங்கட காசில் கிட்டத்தட்ட 2 ரூபா 70 சதம். 2022 நடுப்பகுதியில் அது நாலரையைத் தாண்டிச்சுது. அதாவது 200 இந்திய ரூபா றீசார்ஜ் 540 ரூபாவில இருந்து 900க்கு மேல போச்சு. கடைக்காரரின்ர தரகு வேற. சென்னையில் ஒருத்தரும் விலை ஏத்தேல்லை. எங்கட ரூபா விழுந்தது, எங்கட வீட்டில் ரிவி நிண்டது. "ஏன் கூடிச்சுது?" என்று கேக்க ஒரு கந்தோர் இல்லை. இந்தியச் சட்டத்துக்கு நீங்கள் வாடிக்கையாளர் இல்லை, இலங்கைச் சட்டத்துக்கு அந்தப் பெட்டியே இல்லை.

வானம் எங்களுக்கு ஏன் இனிச்சது

இதைச் சொல்லேக்க எங்கட அப்பாமாருக்குக் கோபம் வரும். வரத்தான் வேணும். வானத்தை நம்பி வாழ்ந்த தலைமுறை அது. 1982 இல் ரூபவாகினி தொடங்கின காலத்திலேயே உயரமான குழாயில் அன்ரெனா கட்டி இந்தியப் பக்கம் திருப்பினவை. கொடைக்கானல் கோபுரத்து தூரதர்சன் நல்லா விழுகிற நாளில் முத்தம் நிறையச் சனம் இருந்து பாத்த கதையை எல்லாரும் கேட்டிருக்கிறம். 1990 இல் போர் திரும்பவும் தொடங்கக் கரண்டும் இல்லாமல் போச்சு. பற்றரி, எரிபொருள் எல்லாத்துக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழா நிறுத்தி டைனமோவைச் சுத்தி றேடியோவில் பிபிசி தமிழோசையும் வெரித்தாஸும் கேட்டவை. வாடகைக்கு ரிவியும் டெக்கும் எடுத்து, ஜெனரேற்றரை இறைச்சவிட்டு ஒரே இரவில் மூன்று நாலு படம் பாத்தவை.

றோட்டு மூடியிருந்த காலத்தில் வானம் மூடேல்லை. சோதனைச் சாவடி இல்லாமல் வீட்டுக்குள்ள வந்த ஒரே விருந்தாளி அலைவரிசைதான். 2002 இல் ஏ9 திறந்து சாமான்கள் வரத் தொடங்க, ஆறடி எட்டடிப் பெரிய டிஷ்கள் வளவுகளில் முளைச்சதுக்கு இந்த ஏக்கமும் காரணம். 2006 ஓகஸ்டில் பாதை திரும்ப மூடப்பட்டபோதும் டிஷ் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. ஆகவே "டிஷ் எண்டால் சுதந்திரம்" என்று ஒரு பெரியவர் சொன்னால் அதைப் பழசு என்று தட்டிவிட எங்களுக்கு மனம் வராது. அவர் அனுபவிச்சதைச் சொல்லுறார்.

ஆனால் அந்தச் சுதந்திரத்துக்கு ஒரு எல்லை இருந்தது. வெளி உலகம் எங்களுக்குத் தெரிஞ்சது. நாங்கள் வெளியில தெரியேல்லை, எங்களுக்கு நாங்களே தெரியேல்லை. சென்னையில் எந்தத் தெருவில் தண்ணி நிக்குது என்று அறிஞ்ச எங்களுக்கு வடமராட்சியில் எந்த றோட்டு வெட்டுப்பட்டது என்று தெரியாது. போர் முடிஞ்சு எத்தனை வருஷம். இந்த விஷயத்தில் இன்னும் அதே இடத்திலதான் நிக்கிறம்.

2024 நவம்பர் கடைசியை நினைச்சுப் பாருங்கோ. பெங்கல் புயலாக மாறினது எங்கட கடலோரத்தால போகேக்க குடாநாடு வெள்ளத்தில் கிடந்தது. உயர்தரப் பரீட்சை இடையில் நிறுத்தப்பட்டது. அந்த நாட்களில் ஒரு உயர்தர மாணவிக்கு வேண்டியிருந்த செய்தி என்ன? நாளைக்குப் பரீட்சை நடக்குமோ, மண்டபத்துக்குப் போற றோட்டில் தண்ணி எவ்வளவு, எந்தப் பள்ளிக்கூடத்தில் சனத்தை இருத்தியிருக்கினம். தென்கிழக்கைப் பாத்த டிஷ்ஷில் புதுச்சேரிக் கரையும் மெரினாவும் நாள் முழுக்க ஓடிச்சுது. அதுவும் மழை விட்ட நேரத்தில் மட்டும்.

மழைக்கு நிக்கிறதும் கரண்டுக்கு நிக்கிறதும்

தொழில்நுட்பத்தில் நியாயமா இருப்பம். சின்ன டிஷ்களுக்கு வாறது கேயூ பாண்ட் அலை. ஏறத்தாழ 12 கிகாஹேர்ட்ஸ். இந்த அலையை மழைத்துளி விழுங்கும். ஐப்பசி கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை அடிச்சு ஊத்தேக்க திரை கறுக்கிறதுக்குக் காரணம் அதுதான், ஆரும் வேணுமென்று செய்யிறதில்லை. பழைய பெரிய சி பாண்ட் டிஷ்ஷுக்கு இந்த வருத்தம் குறைவு, அதால்தான் சில வளவுகளில் அது இன்னும் நிக்குது. கடற்கரைப் பக்கம், குருநகரோ பருத்தித்துறையோ, உப்புக்காத்துக்கு டிஷ்ஷும் அதின்ர தலையும் கறள் பிடிக்கும்.

கேபிளுக்கு வேற வருத்தம். ஒழுங்கை வழிய அலையைக் கூட்டிக் கூட்டி அனுப்புகிற பெட்டிகளுக்குக் கரண்ட் வேணும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நிண்டபோது, வீட்டில் இன்வேட்டர் வைச்சிருந்தவையும் கேபிள் பாக்க ஏலாமல் போச்சு. டிஷ் வைச்சிருந்தவை பாத்தவை. அதோட, ஒரு வயரில இருந்து பத்து வீட்டுக்குப் பிரிக்கப் பிரிக்க படம் மங்கும். கடைசி வீட்டுக்காரருக்கு முகம் தெரியாது, குரல் மட்டும்தான்.

ஆகவே "எது நல்லா வேலை செய்யும்" என்று மட்டும் கேட்டால், வளவில் தென்னை இல்லாத, இன்வேட்டர் இருக்கிற வீட்டுக்கு டிஷ்தான். இதை நாங்கள் மறைக்கேல்லை. ஆனால் ஒரு சமூகம் தன்ர காதையும் கண்ணையும் தெரிவுசெய்யிறது பான் போறணை தெரிவுசெய்யிற மாதிரி இல்லை.

வயர் போறது எங்கட றோட்டால

டிஷ்ஷுக்கும் கேபிளுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் இதுதான். டிஷ் உங்கட கூரையிலயும் வானத்திலயும் மட்டும் நிக்குது. அதுக்கு ஊர் தேவையில்லை. கேபிள் பொது றோட்டால, எங்கட வரிக்காசில் போட்ட ஒழுங்கையால, கம்பத்துக்குக் கம்பம் தொங்கிக்கொண்டு வருது. பொதுச் சொத்தைப் பாவிச்சு உழைக்கிறவரிட்டப் பொதுமக்கள் கேள்வி கேக்கலாம். செய்மதியைக் கேக்க ஏலாது.

இது எங்கட சொந்தக் கண்டுபிடிப்பில்லை. அமெரிக்காவில் 1984 ஆம் ஆண்டுக் கேபிள் சட்டம், றோட்டைப் பாவிக்கிற கேபிள் கம்பனியிட்ட அந்தந்த நகரசபை பொதுமக்களுக்கு, கல்விக்கு, உள்ளூராட்சிக்கு என்று சனல் ஒதுக்கச் சொல்லிக் கேக்கலாம் என்று எழுதி வைச்சது. அதால் அங்க சின்னச் சின்ன ஊர்களிலயும் நகரசபைக் கூட்டம் கேபிளில் போகுது. உலகத்திலேயே மிகவும் முதலாளித்துவமான நாட்டில் நடந்தது இது. நாங்கள் கேட்டால் மட்டும் "தம்பிமார் கனவு காணுகினம்" என்பினம்.

தமிழ்நாட்டையும் பாருங்கோ. அங்க சுமங்கலி கேபிள் விஷன் என்ற கேபிளும் சன் டைரக்ட் என்ற டிஷ்ஷும் ஒரே மாறன் குடும்பத்தின்ர கையில் இருந்தவை. "டிஷ்ஷோ கேபிளோ" என்று சனம் யோசிச்சு எதை எடுத்தாலும் காசு ஒரே வாசலுக்குப் போகும். 2007 இல் குடும்பச் சண்டை அரசியல் சண்டையாகி, அரசு கேபிள் கூட்டுத்தாபனம் பிறந்தது. 2011 இல் ஜெயலலிதா அதை மாதம் 70 ரூபாவுக்குத் திரும்ப ஓட விட்டார். வயர் ஆரின்ர கையிலோ சனல் அவற்ற கையில் என்பதை இரண்டு கட்சியும் நல்லா விளங்கி வைச்சிருந்தவை. அரசு கேபிள் வந்தவுடன் எல்லாம் நேராகிவிட்டதோ? இல்லை. ஆட்சிக்குப் பிடிக்காத சனல்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டதா முறைப்பாடுகள் வந்தன. குடும்பத்தையும் நம்ப ஏலாது, அரசாங்கத்தையும் நம்ப ஏலாது, எழுதி வைச்ச விதியைத்தான் நம்பலாம் என்பது அதில் இருக்கிற பாடம். 2019 பெப்ரவரியில இருந்து இந்தியாவில் ஒவ்வொரு சனலுக்கும் விலை அச்சடிச்சுக் காட்டவேணும், 100 சனலுக்கான அடிப்படைக் கட்டணம் 130 ரூபாவும் வரியும் என்று ஒழுங்கு வந்தது. அது சனத்துக்குச் சிக்கலாக இருந்தது உண்மை. ஆனால் எதுக்குக் காசு கட்டுறம் என்று பாக்க ஒரு தாள் கிடைச்சது.

எங்கட ஒழுங்கைக்கு வருவம். கேபிள்காசு வாங்க வாற தம்பி மோட்டச்சைக்கிளை நிப்பாட்டாமலே காசை வாங்கிக்கொண்டு போவார். பற்றுச்சீட்டு இல்லை. போன மாதம் இருந்த சனல் இந்த மாதம் இல்லை, ஏன் என்று சொல்ல ஆள் இல்லை. வயர் அறுந்து றோட்டில் கிடந்தால் மூன்று நாள் கிடக்கும், சைக்கிளில் வாற பிள்ளையின்ர கழுத்து உயரத்துக்கு. உள்ளூர் சனல் என்று போடுகிறதில் பாதி நேரம் எங்கேயோ இறக்கின இந்தியப் படம். மிச்சத்தில் சாறிக்கடை விளம்பரம். இதுக்காகவோ நாங்கள் கேபிளுக்கு வக்காலத்து வாங்குறம்?

இல்லை. அந்த உள்ளூர் சனலில் நடுவில் வாற மரண அறிவித்தலுக்காக. சிரிக்காதேங்கோ. எங்கட ஊரில் செத்தவீடு கெதியில் நடக்கும். அடுத்த கிராமத்தில் ஒரு பழைய ஆசிரியர் இறந்துபோனார் என்பதை அவற்ற மாணவர்கள் நேரத்துக்கு அறியிறது உள்ளூர் சனலாலயும் வட்ஸ்அப்பாலயும்தான். நல்லூர்த் திருவிழா 25 நாளும் நடக்க ஏலாத அம்மம்மா கட்டிலில் இருந்து தேர் பாக்கிறது இந்தச் சனல்களாலதான். டான் ரிவி மாதிரி யாழ்ப்பாணத்தில் இருந்து இயங்குகிறவை கேபிள் வழியாத்தான் வீடுகளுக்குள் வந்தவை. இவ்வளவு மோசமா நடத்தப்பட்ட நிலையிலேயே கேபிள் இதைச் செய்யுது. ஒழுங்கா நடத்தினால் என்ன செய்யும் என்பதுதான் எங்கட கேள்வி.

"இப்ப ஆர் ரிவி பாக்கினம்?"

இது எங்கட வயசுக்காரர் சொல்லுறது. "எல்லாம் யூரியூப்பில இருக்கு, நீங்கள் இன்னும் வயரைப் பற்றிக் கதைக்கிறியள்." சரி, யூரியூப்பில யாழ்ப்பாணம் இருக்குத்தான். ஆனால் எந்த யாழ்ப்பாணம்? ரொறொன்ரோவிலயும் லண்டனிலயும் இருக்கிறவைக்குக் காட்டுகிற யாழ்ப்பாணம். ஒடியல் கூழ் காய்ச்சுகிற யாழ்ப்பாணம். ஒரு ஏழைக் குடும்பத்தின்ர குசினிக்குள் கமராவைக் கொண்டுபோய், அந்தத் தாய் அழுமட்டும் கேள்வி கேட்டு, கடைசியில் உதவிப் பொதியைக் கையில் குடுத்துப் படம் எடுக்கிற யாழ்ப்பாணம். பாக்கிற கண் எங்க இருக்கோ அங்கத்தைக்கு ஏத்த மாதிரித்தான் படம் எடுப்பினம். பிரதேச சபையில் குப்பைக்கு ஒதுக்கின காசு என்னாச்சு என்ற காணொளிக்குக் கனடாவில் ஆர் வியூஸ் தருவினம்?

எங்கட ஊரைப் பாக்கிற கண் எங்கட ஊரிலேயே இருக்கிற ஊடகம் ஒன்று வேணும். அதுக்குப் பார்வையாளர் எண்ணிக்கை ஒரு பிரதேச சபை எல்லைக்குள் முடிஞ்சாலும் நட்டம் இல்லை. சின்னதா இருக்கிறதுதான் கேபிளின்ர பலம்.

இன்னொரு பக்கத்தில் "சீரியல் எங்கட பண்பாட்டைக் கெடுக்குது, பிள்ளையள் சென்னைத் தமிழ் கதைக்குதுகள்" என்று சொல்லுகிறவை நிக்கினம். அவையோடயும் எங்களுக்கு உடன்பாடில்லை. நாள் முழுக்க வேலை செய்த ஒரு பெண் இரவு அரை மணித்தியாலம் சீரியல் பாக்கிறதில் பண்பாடு விழாது. சீரியலை நிப்பாட்டச் சொல்லுகிறவை, அதுக்குப் பதிலா எங்கட பேச்சில், எங்கட வீட்டுச் சண்டையை வைச்சு ஒரு நாடகம் எடுக்கப் பத்து ரூபா குடுத்ததுண்டோ? சக்தி 1998 இலயும் வசந்தம் 2009 இலயும் வந்தவை, இரண்டும் கொழும்பில இருந்து. அங்கயிருந்து வாற தமிழில் நாங்கள் செய்திக்குள்ள வருவம், கதைக்குள்ள வாறது குறைவு. தடை போடுகிறதில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. இடம் கேக்கிறதில் இருக்கு.

நாங்கள் கேக்கிறது

யாழ்ப்பாண மாவட்டத்தில் 17 உள்ளூராட்சி சபைகள் இருக்கு: ஒரு மாநகர சபை, மூன்று நகர சபை, பதின்மூன்று பிரதேச சபை. 2025 மே 6 இல் வாக்குப் போட்டு அனுப்பியிருக்கிறம். எங்கட வட்டாரத்துக்கு வாக்குக் கேட்டு வந்த எல்லாரும் றோட்டு, வாய்க்கால், லைற் என்று கதைச்சவை. அந்த றோட்டுக்கு மேலால தொங்குகிற வயரைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. கேபிள் உரிமம் கொழும்பு விஷயம் என்று கையை விரிக்கலாம். றோட்டுக் கொழும்பு விஷயம் இல்லை.

ஆகவே முதலாவது, சபை றோட்டால வயர் கொண்டுபோற ஒவ்வொருத்தரும் மாதக் கட்டணத்தையும் சனல் பட்டியலையும் எழுத்தில் குடுக்கவேணும். காசு வாங்கினால் பற்றுச்சீட்டு.

இரண்டாவது, நாளுக்கு இரண்டு மணித்தியாலமாவது பொது நேரம். சபைக் கூட்டம், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, வைத்தியசாலை அறிவித்தல், வெள்ளம் வந்தால் றோட்டு நிலைமை. விளம்பரம் இல்லாமல்.

மூன்றாவது, ஆளுக்கொரு கம்பம் நாட்டாமல் ஒரே கம்பத்தைப் பகிரவேணும். அறுந்த வயரை ஒரு நாளுக்குள் எடுக்கவேணும்.

நாலாவது, உள்ளூர் சனல்கள் எடுத்த பதிவுகளின் பிரதி ஒன்று பொது நூலகத்துக்கோ நூலகம் நிறுவனம் மாதிரி எண்ணிம ஆவணகத்துக்கோ போகவேணும். 1981 இல் எரிஞ்சது கடதாசி. இன்றைக்கு ஒரு கூத்து, ஒரு திருவிழா, ஒரு ஆர்ப்பாட்டம் எடுத்த பதிவு, ஹார்ட் டிஸ்க் நிறைஞ்சுபோச்சு என்று அழிஞ்சுபோகலாம். அதுக்கு ஆரும் நெருப்பு வைக்கத் தேவையில்லை.

ஐந்தாவது எங்களுக்கு. பொது நேரம் கிடைச்சால் அதில் போட என்ன இருக்கு? ஊருக்கு ஊர் சனசமூக நிலையம் இருக்கு. பாதியில் பேப்பரும் கரம் போட்டும் மட்டும்தான். கையில் இருக்கிற போனே நல்ல கமரா. சனசமூக நிலையத்துக்கு நாலு பேர் சேந்து, மாதம் ஒரு அரை மணித்தியால நிகழ்ச்சி எங்கட பேச்சில் செய்ய எங்களுக்கு ஏலாதெண்டால், சபையிட்ட இடம் கேக்க எங்களுக்கு வாய் இல்லை.

டிஷ் வைச்சிருக்கிறவை கழட்டத் தேவையில்லை. மேற்கைப் பாக்கிறது மேற்கைப் பாக்கட்டும், தென்கிழக்கைப் பாக்கிறது தென்கிழக்கைப் பாக்கட்டும். கேபிள் எடுத்திருக்கிறவைக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: வாற மாதம் காசு வாங்க மோட்டச்சைக்கிள் வரேக்க, காசைக் கையில் வைச்சுக்கொண்டு பற்றுச்சீட்டைக் கேளுங்கோ. "அப்பிடி ஒண்டு இல்லை அண்ணை" என்று சொன்னால், இல்லை என்பதை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கோ. ஒரு ஒழுங்கையில் பத்து வீடு கேட்டால் காணும். அந்தப் பத்து வீட்டின்ர கையெழுத்தோட பிரதேச சபைக்குப் போக நாங்களும் வாறம்.